"சிஸ்டர், உடனே வாங்க": ஒரு சிமுலேஷன் பாடம் உருவான கதை

எங்கள் நர்சிங் கல்லூரிக்குப் புதுப் பிரசவ மேனிகின் (பிரசவம் பார்த்துப் பழகுவதற்கான மனித உருவப் பொம்மை) வந்து இறங்கிய அன்று சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு, அதைக் கண்ணாடி அறைக்குள் வைத்துப் பூட்டினோம். சாவி முதல்வர் மேசை டிராயருக்குப் போனது. அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம், ஆய்வுக்கு யாராவது வரும் நாட்களைத் தவிர, அந்த அறை திறக்கவே இல்லை. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து ஏதாவது உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் ஒரு காரணம். அதை வைத்து என்ன சொல்லிக்கொடுப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாததுதான் பெரிய காரணம்.

நான் தென் மாவட்டம் ஒன்றில் மகப்பேறு செவிலியம் கற்பிக்கிறேன். அதற்கு முன் ஏழு வருடம் லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். பிரசவத்துக்குப் பின் வரும் உதிரப்போக்கைக் கையாள்வதற்கு ஒரு சிமுலேஷன் பாடத்தை, அதாவது நிஜம் போலவே நடத்திப் பழகும் பாடத்தை, நானும் சக டியூட்டரும் சேர்ந்து உருவாக்கி, மூன்றாவது பேட்சுக்கு இப்போது நடத்திக்கொண்டிருக்கிறோம். வேறு கல்லூரிகளில் வேலை பார்க்கும் தோழிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு: எங்கிருந்து தொடங்குவது, எந்த மேனிகின் வாங்குவது. இரண்டாவது கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள், அதுதான் என் முதல் பதில்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் செமஸ்டர் முறையோடு ஸ்கில் லேப் (செய்முறை பழகும் அறை), சிமுலேஷன் நேரமும் எழுதப்பட்டுவிட்டது, எம்.பி.பி.எஸ்.ஸுக்கு 2019-இலேயே ஸ்கில் லேப் கட்டாயமாகிவிட்டது. அதனால் எல்லாக் கல்லூரியும் முதலில் பொருளை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு வேலை தேடுகிறது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெர்னும் சகாக்களும் 1998-இல் வகுத்த ஆறு படிகள் பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்: பிரச்சினை எது என்று பார்ப்பது, நம் பிள்ளைகளுக்கு அதில் எங்கே குறை என்று பார்ப்பது, நோக்கங்களை எழுதுவது, கற்பிக்கும் முறையைத் தேர்ந்தெடுப்பது, நடத்துவது, மதிப்பிடுவது. நாங்கள் நேராக நான்காவது படியில் ஏறி நின்றுகொண்டு, கீழே மூன்று படி இருப்பதையே மறந்திருந்தோம்.

சரி, கீழே இறங்கலாம் என்று முடிவு செய்தோம். மாணவிகள் போஸ்டிங் போகும் லேபர் வார்டில் நாங்கள் இருவரும் மூன்று வாரம், ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட், ஒரு நோட்டோடு நின்றோம். யாரையும் குறை சொல்ல வரவில்லை, எங்கள் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம் என்று வார்டு சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டோம். (இதைச் செய்யாமல் போய் நிற்காதீர்கள். இன்ஸ்பெக்‌ஷன் என்று நினைத்து எல்லோரும் இறுகிவிடுவார்கள், நிஜம் கண்ணில் படாது.)

ஒரு மதியம் நடந்ததுதான் முழுப் பாடத்தையும் தீர்மானித்தது. பிரசவம் முடிந்து நஞ்சும் (நஞ்சுக்கொடி) வந்துவிட்டது, ஸ்டாஃப் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தார். தாயின் பக்கத்தில் நின்ற கடைசி வருட மாணவி, இடுப்புக்கு அடியில் துணி நனைந்துகொண்டே வருவதைப் பார்த்தாள், துணியை இழுத்துச் சரிசெய்தாள், ஸ்டாஃபின் முதுகைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள், வாய் மட்டும் திறக்கவில்லை. நான் குரல் கொடுக்கப் போன நொடியில் ஸ்டாஃபே திரும்பிப் பார்த்துவிட்டார், அடுத்த நிமிடமே கர்ப்பப்பையைத் தேய்த்துவிட்டு மருந்து ஏற்றி எல்லாம் சரியாகிவிட்டது. தாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். "பார்த்தேன் மேடம். ஸ்டாஃபும் பார்த்திருப்பாங்கன்னு நினைச்சேன். இது சாதாரணமா போறதா, அதிகமான்னு தெரியல. நான் சொல்லி, அது ஒண்ணுமில்லன்னா திட்டு விழும்."

உதிரப்போக்கின் காரணங்கள் நான்கையும் வரிசை மாறாமல் எழுதி நல்ல மார்க் வாங்கிய பெண் அவள். அவளுக்குப் பாடம் தெரியும். கண்ணால் அளவு மதிப்பிடத் தெரியவில்லை, தன்னைவிட மூத்தவரை உரக்கக் கூப்பிட வாய் வரவில்லை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. நஞ்சு பிரிந்த பிறகு கர்ப்பப்பை இறுகினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும். இறுகாத ஒவ்வொரு நிமிடமும் அவளுடைய அந்தத் தயக்கத்துக்குத் தாய் ரத்தத்தால் விலை கொடுக்கிறாள். இதை எழுதும்போதுகூட எனக்கு வயிற்றைப் பிசைகிறது, ஏனென்றால் இருபத்திரண்டு வயதில் நானும் அதே மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்றிரவு பழைய நோக்கங்களைக் கிழித்துப் போட்டோம். "உதிரப்போக்கின் மேலாண்மையைப் புரிந்துகொள்வார்" என்று எழுதியிருந்தோம்; புரிந்துகொண்டாளா என்று எதைப் பார்த்துச் சொல்வது? புதிதாக எழுதியது இது: ரத்தம் அளவுக்கு மீறுவதைக் கண்ட ஒரு நிமிடத்துக்குள் உரக்க உதவி கேட்பார், ஒரு கை கர்ப்பப்பையின் மேல் இருக்கும், என்ன நடக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் சொல்வார், சொல்லப்பட்ட மருந்தைத் திருப்பிச் சொல்லி, போட்டு, போட்டதையும் சொல்வார். கண்ணால் பார்க்க, காதால் கேட்க, கடிகாரத்தில் அளக்க முடிகிற விஷயங்கள். நோக்கம் இப்படி அமைந்துவிட்டால் சினாரியோ (நடித்துப் பழகும் காட்சி) தானாக வரும், செக்லிஸ்டும் தானாக வரும்.

தானாக வரும் என்றேன், ஆனால் முதல் சினாரியோவை நாங்கள் கெடுத்தோம். ஆர்வக்கோளாறில் இரட்டைக் குழந்தை, ரத்தசோகை, உயர் ரத்த அழுத்தம், தங்கிப்போன நஞ்சு, போதாக்குறைக்குக் கரண்ட் போவது என்று எல்லாவற்றையும் திணித்துவிட்டோம். பிள்ளைகள் மரம்போல நின்றார்கள். பதினைந்து நிமிடம் கழித்து நாங்களே நிறுத்தினோம். அடுத்த முறை ஒரே பிரச்சினை: இறுகாத கர்ப்பப்பை. நேரம் பத்து நிமிடம். சிக்கல்களை இரண்டாவது, மூன்றாவது சுற்றுக்கு ஒதுக்கினோம், அதுவும் முதல் சுற்றைத் தடையில்லாமல் முடித்த குழுவுக்கு மட்டும்.

கண்ணாடி அறை மேனிகினை இந்தப் பாடத்துக்கு நாங்கள் அதிகம் பயன்படுத்தவில்லை என்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். அதன் கண் மூடித் திறக்கும், பல்ஸ் அடிக்கும், ஆனால் "தலை சுத்துதும்மா" என்று சொல்லாது. மாணவிகள் பொம்மையிடம் பேசக் கூச்சப்பட்டார்கள். நார்வேயில் பொம்மை செய்துகொண்டிருந்த ஆஸ்மண்ட் லேர்டால் 1960-இல் சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி, மூச்சு ஊதும் முதலுதவி) பயிற்சிக்கு முதல் மேனிகினைச் செய்தபோது, பயிற்சி எடுப்பவர் மனசு ஒன்ற வேண்டும் என்பதற்காக அமைதியான ஒரு பெண்முகத்தைத் தேடிப்பிடித்து வைத்தார். அதே நிறுவனம் பிற்பாடு பிரசவத்துக்கென்று கொண்டுவந்த மாமாநேட்டலி, உயிருள்ள ஒரு ஆள் வயிற்றில் கட்டிக்கொள்ளும் மாடல். அந்த யோசனையை எடுத்துக்கொண்டு நாங்கள் சொந்தமாக ஒன்று செய்தோம். தெருமுனைத் தையல்காரர் ரெக்சினில் ஒரு இடுப்புக் கவசம் தைத்துக் கொடுத்தார், உள்ளே கர்ப்பப்பைக்குக் கையால் அமுக்கி இறுக்கக்கூடிய ரப்பர் பந்து, ரத்தத்துக்கு காலி டிரிப்ஸ் பாட்டிலும் அதன் செட்டும். செட்டில் இருக்கிற உருளையைத் திருகினால் வேகம் கூடும், குறையும். ரத்தத்துக்குப் பீட்ரூட் சாறு வேண்டாம், தண்ணீர் மாதிரி ஓடும், துணியில் கறையும் போகாது. ஆறின அரிசிக் கஞ்சியில் சிவப்பு ஃபுட் கலர் கலந்தால் சரியான கெட்டி வரும், ஆனால் அன்றன்றைக்குச் செய்ய வேண்டும், மறுநாள் புளித்து நாறிவிடும்.

தாயாக நடித்தது எங்கள் லேப் அட்டெண்டர் அக்கா. இரண்டு பிள்ளை பெற்றவர், ஒத்திகைக்கு வாருங்கள் என்றதும் முதலில் மறுத்தார், பிறகு எங்களைவிட நன்றாகச் செய்தார். "ஏம்மா, எனக்கு ஒரு மாதிரி வருது, புள்ள எங்க?" என்று அவர் மெல்லிய குரலில் கேட்டதும் சுற்றி நின்ற ஆறு பேர் முகமும் மாறியதைப் பார்க்க வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக்கொடுத்தோம்: எப்போது மயக்கம் வர வேண்டும், கர்ப்பப்பையைச் சரியாகத் தேய்த்தால் எப்போது பந்தை இறுக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டின் டேவிட் கேபா சிமுலேஷனைக் கருவியாகப் பார்க்காதீர்கள், அது ஒரு கற்பிக்கும் உத்தி என்று 2004-இல் எழுதினார். அதன் பொருள் எனக்கு அந்த அக்காவின் குரலில்தான் விளங்கியது.

சினாரியோவுக்கு முன்னால் ரத்த அளவு மதிப்பிடும் பயிற்சி ஒன்று சேர்த்தோம், இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன், செலவே கிடையாது. கஞ்சி ரத்தத்தை 500 மில்லி அளந்து படுக்கை விரிப்பில் ஊற்றுவது, கிட்னி டிரேயில் கொஞ்சம், பேடுகளில் கொஞ்சம், தரையில் கொஞ்சம். ஒவ்வொருவரும் அளவை எழுத வேண்டும். துணியில் ஊற்றியதைப் பெரும்பாலானோர் பாதிக்கும் குறைவாகவே எழுதினார்கள், இருபது வருட அனுபவமுள்ள ஒரு ஸ்டாஃபும் உட்பட. பிறகு நனைந்த துணியைத் தராசில் வைத்து, காய்ந்த துணியின் எடையைக் கழித்து, ஒரு கிராம் ஒரு மில்லி என்று கணக்குப் போட்டுக் காட்டினால் அறையில் ஒரு நிசப்தம் விழும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்து 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவுக்கோடு போட்ட பையுள்ள விரிப்பைத் தாயின் அடியில் வைத்து, உடனே கண்டுபிடித்து, சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் சேர்த்தே கொடுத்தபோது, கடும் உதிரப்போக்கும் அதனால் வரும் வயிற்று அறுவையும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. அதைப் படித்த பிறகு எங்கள் வரிசையையும் மாற்றிக்கொண்டோம்: தேய்ப்பது, ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையை இறுக்கும் மருந்து), டிரானெக்ஸாமிக் அமிலம் (ரத்தப்போக்கை நிறுத்த உதவும் மருந்து) ஒரு கிராம் மெதுவாக நரம்பில், டிரிப்ஸ், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் கைகளைப் பிரித்துக்கொண்டு ஒரே நேரத்தில். டிரானெக்ஸாமிக் அமிலத்தைப் பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்பதும் பிள்ளைகளுக்கு அங்கேதான் மனசில் பதிந்தது.

இப்போது நான் அதிகம் கற்றுக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். டிபிரீஃபிங். சினாரியோ முடிந்ததும் உட்கார்ந்து பேசுவது. முதல் முறை அதை நான் எப்படி நடத்தினேன் என்றால், செக்லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு யார் யார் எதை விட்டார்கள் என்று வரிசையாகப் படித்தேன். எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஐவி லைன் போட மறந்த பெண் அழுதுவிட்டாள், மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவர்களிடம் வாய் திறக்கக் கற்றுக்கொடுப்பதற்காக ஒரு பாடத்தை உருவாக்கிவிட்டு, அதன் முதல் நாளிலேயே வாய் திறந்தால் திட்டு விழும் என்பதை நானே உறுதி செய்திருக்கிறேன். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பாஸ்டனில் ஜென்னி ருடால்ஃபும் குழுவினரும் டிபிரீஃபிங் பற்றி எழுதியதை அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். எதிரே உட்கார்ந்திருப்பவள் புத்திசாலி, திறமைசாலி, தன்னால் முடிந்ததைச் செய்ய நினைப்பவள், மேலும் வளர விரும்புகிறவள் என்று நம்பிக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள் என்கிறார்கள். அப்படி நம்பினால் "ஏன் கூப்பிடவில்லை?" என்று அதட்டத் தோன்றாது. நான் பார்த்தது என்ன, அதில் எனக்கு ஏன் கவலை வந்தது, அவள் மனசில் அப்போது என்ன ஓடியது என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கப் பழகினேன். "துணி முழுக்க நனைஞ்சதை நீ ரெண்டு தடவை பார்த்தாய், அதற்கப்புறம் ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு கூப்பிட, அந்த நேரத்துல தாய்க்கு நிறைய ரத்தம் போயிருக்கும்னு எனக்குப் பதறியது. அப்போ உனக்கு என்ன தோணுச்சும்மா?" என்று கேட்டால் உண்மையான பதில் வருகிறது. "டாக்டர் சாப்பிடப் போயிருந்தார் மேடம், கூப்பிட்டா கோபப்படுவாரோன்னு..." என்று ஆரம்பித்த ஒரு பெண்ணின் பேச்சிலிருந்து அன்று இருபது நிமிடம் நகர்ந்தது, அதில் ஒரு இடத்திலும் நான் விளக்கவுரை கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் கணக்கு இப்போது இதுதான்: பத்து நிமிட சினாரியோவுக்குக் குறைந்தது இருபது நிமிட டிபிரீஃபிங். நேரம் போதவில்லை என்றால் சினாரியோவைச் சுருக்குவோம், பேசும் நேரத்தை வெட்டமாட்டோம். மார்க் கிடையாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவோம், செல்போனை வெளியே வைத்துவிட வேண்டும், உள்ளே நடந்ததை ஹாஸ்டலில் பேசக் கூடாது. நாங்கள் நாற்காலியில், பிள்ளைகள் நின்றபடி என்பதும் போய்விட்டது. எல்லோரும் வட்டமாக, அக்காவும் சேர்ந்து. தாயாகப் படுத்திருந்தபோது யார் தன் கையைப் பிடித்தார்கள், யார் தன்னைத் தாண்டிப் பேசினார்கள் என்று அவர் சொல்வது எந்தச் செக்லிஸ்டிலும் வராது.

பேசிப் பேசி ஒன்று தெளிவானது. மாணவிகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் பாதி வேலைதான். கூப்பிடுகிறவளுக்குப் பழக்கினோம், கூப்பிட்டால் திரும்புகிறவர்? அதனால் வார்டிலேயே, நிஜமான கட்டிலில், வேலை குறைவான மதிய நேரத்தில், ஸ்டாஃப்களையும் டூட்டி டாக்டரையும் சேர்த்து ஒரு சுற்று நடத்தினோம். லேபில் ஒருநாளும் தெரிந்திருக்காத விஷயங்கள் அங்கே வெளியே வந்தன. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜ் இருந்தது அடுத்த அறையில், அறைச் சாவி இருந்தது வேறொரு வார்டுக்குப் போயிருந்த ஒருவரின் பையில். டிரானெக்ஸாமிக் அமிலம் அவசர டிரேயில் இல்லவே இல்லை. யாரையும் குற்றம் சொல்லாமல் அதே வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா தயாரானது: பெரிய ஊசி கேனுலா, டிரிப்ஸ் செட், மருந்துகள், கதீட்டர், ரத்த மாதிரிக்கான குப்பிகள், ஒரு பக்கச் செக்லிஸ்ட். ஆக்ஸிடோசின் மட்டும் ஃபிரிட்ஜில். ஃபிரிட்ஜ் லேபர் அறைக்கு உள்ளேயே இடம் மாறியது. அந்தச் சுற்றின் டிபிரீஃபிங்கில் வார்டு சிஸ்டர், பிள்ளைகளைப் பார்த்து, "தப்பாவே இருந்தாலும் பரவாயில்ல, என்னைக் கூப்பிடுங்க. பத்து தடவை சும்மா வந்துட்டுப் போறேன்" என்றார். எங்கள் செமஸ்டர் முழுக்க நாங்கள் சொன்னதைவிட அந்த ஒரு பேச்சு அதிகம் வேலை செய்தது.

வார்டில் நடத்தும்போது ஒரு பெரிய எச்சரிக்கை. எங்கள் பயிற்சி ஊசி ஒன்று, தண்ணீர் நிரப்பியது, வார்டு டிராலியிலேயே தங்கிவிட்டது. மாலையில் ஒரு ஸ்டாஃப் அதைப் பார்த்து எடுத்துவைத்ததால் பிழைத்தோம். தவறு முழுக்க எங்களுடையது. 2014 கடைசியில் அமெரிக்காவில், பயிற்சிக்கென்று தயாரித்த சலைன் பைகள் கைதவறி 40-க்கும் மேற்பட்ட நிஜ நோயாளிகளுக்கு ஏறி, பலர் காய்ச்சலும் நடுக்கமுமாகப் பாதிக்கப்பட்டது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் நம் கையில் நடக்காது என்று இருந்துவிட்டேன். இப்போது பயிற்சிப் பொருள் ஒவ்வொன்றிலும் "பயிற்சிக்கு மட்டும்" என்ற மஞ்சள் பட்டை, உள்ளே போகும்போது எண்ணிக்கை, வெளியே வரும்போது எண்ணிக்கை, இரண்டும் பொருந்தாமல் யாரும் வார்டை விட்டு நகர்வதில்லை.

நேர அட்டவணை பற்றிச் சொல்லாவிட்டால் நடைமுறை தெரிந்தவர்கள் என்னை நம்பமாட்டார்கள். அறுபது பிள்ளைகள், இரண்டு டியூட்டர். ஆறு பேர் உள்ளே, ஆறு பேர் பார்வையாளர்; பார்வையாளர் சும்மா நிற்கக் கூடாது, ஒருவர் கடிகாரம், ஒருவர் தாயிடம் யார் பேசினார்கள் என்ற குறிப்பு, ஒருவர் திருப்பிச் சொல்லப்பட்ட மருந்துகள் என்று ஆளுக்கு ஒரு வேலை. முதல்வரைச் சம்மதிக்கவைக்க அமெரிக்க நர்சிங் கவுன்சில்களின் கூட்டமைப்பு 2014-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் போனேன்: மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதிவரை சிமுலேஷனாக மாற்றியும் மாணவர்களின் தேர்ச்சியில் வித்தியாசம் இல்லை. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னேன், அங்கே டிபிரீஃபிங்கில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், அதைக் காட்டி நம் வார்டு போஸ்டிங்கை வெட்டிவிடாதீர்கள் என்று. வாரத்துக்கு ஒரு மதியம் கிடைத்தது. கண்ணாடி அறைச் சாவியும் லேபுக்கே வந்துவிட்டது. அந்த மேனிகினைப் பிரசவம் பார்க்கும் கைப்பழக்கத்துக்கு இப்போது தினமும் பயன்படுத்துகிறோம்.

ஒரு தடவை செய்துவிட்டுப் போனால் மூன்று மாதத்தில் மறந்துவிடுகிறார்கள், இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முதல் பேட்சில் நன்றாகச் செய்த குழுவைச் செமஸ்டர் முடிவில் முன்னறிவிப்பில்லாமல் திரும்பச் செய்யச் சொன்னபோது, மருந்தைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் காணாமல் போயிருந்தது. அதற்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸில் எலிசபெத் ஹண்ட் குழு சி.பி.ஆர். பயிற்சிக்குக் கையாண்ட முறையைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம்: தவறும் இடத்தில் உடனே நிறுத்தி, என்ன என்று ஒரே வரியில் சொல்லி, பத்து நொடி பின்னால் போய் அதே இடத்தைத் திரும்பச் செய்யவைப்பது. கைக்கும் வாய்க்கும் வர வேண்டிய விஷயத்துக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் தயக்கம், பயம் பற்றிப் பேச வேண்டிய முதல் சுற்றில் இதைப் பயன்படுத்துவதில்லை, அங்கே நடுவில் நிறுத்தினால் பிள்ளைகள் உள்ளுக்குள் சுருங்கிவிடுவார்கள்.

கூப்பிடும் வாக்கியத்தையும் எழுதிவைத்தே பழக்குகிறோம். "மேடம்... கொஞ்சம் வர்றீங்களா..." என்று இழுப்பதைப் பல தடவை கேட்டுவிட்டோம். "சிஸ்டர், ரத்தம் அதிகமா போகுது, கர்ப்பப்பை இறுகல, உடனே வாங்க." அறைக்கு வெளியே இருக்கிறவருக்குக் கேட்கும் குரலில். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் ஊரிலும் வீட்டிலும் சத்தமாகப் பேசாதே என்று சொல்லியே வளர்த்த பெண்களுக்கு இது ஊசி போடுவதைவிடக் கஷ்டமான வித்தை. சிலருக்கு நான்காவது, ஐந்தாவது முறைதான் குரல் வரும். வந்ததும் அக்கா கட்டிலில் படுத்தபடியே கை தட்டுவார்.

அடுத்த மாதம் இரவு டூட்டி ஸ்டாஃப்களுக்காக ஒன்பது மணிக்கு மேல் வார்டில் ஒரு சுற்று வைத்திருக்கிறோம், ஆட்கள் குறைவாக இருக்கும் அந்த நேரத்தில் யார் எதைச் செய்வது என்று இதுவரை யாரும் ஒத்திகை பார்த்ததில்லை. கஞ்சியை மாலையிலேயே காய்ச்சிவிட வேண்டும், அக்கா வீடு திரும்ப ஆட்டோ சொல்லிவைக்க வேண்டும்.